உக்காந்துரும் அண்ணன்

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் டி. கல்லுப்பட்டி வழியே போகிற கார்கள் கூடும். கூடினால் ஒன்றிரண்டு ரோட்டோரம் படுக்கும். பேனட்டைத் தூக்கி நிறுத்தி, பெண்டாட்டி பிள்ளைகளைப் புளியமர நிழலில் இறக்கிவிட்டு, செல்போனில் யாரையோ வைதுகொண்டிருக்கிற அந்த வெளியூர்க்காரரிடம், கூப்பிடாமலே ஒருவர் போய் நிற்பார். மடித்துக் கட்டிய கைலி. சட்டைப்பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் பத்துக்குப் பதினொண்ணு ஸ்பேனர். அறுந்த பெல்ட்டை வாங்கி, நீட்டி, மடக்கி, சாண் போட்டு அளந்துவிட்டுச் சொல்வார்: “இது இங்கிட்டுக் கெடைக்காது தம்பி. ஆனா நம்ம வீட்ல மாவு மில்லு பெல்ட்டு ஒண்ணு கெடக்கு. உக்காந்துரும்.”

வெளியூர்க்காரர் பதறிப்போய், கம்பெனி ஆள் வந்துகொண்டிருப்பதாகச் சொல்வார். அண்ணன் அவரைப் பரிதாபமாகப் பார்ப்பார். கம்பெனி ஆள் வந்து கம்பெனி பெல்ட்டைக் கம்பெனி காரில் மாட்டுவதில் என்ன இருக்கிறது? சின்னப் பிள்ளைகூடச் செய்யுமே.

இவரை மெக்கானிக் என்று நினைத்துவிடக் கூடாது. மெக்கானிக் நின்ற வண்டியை ஓட வைப்பார். அண்ணனுக்கு ஓடுகிற வண்டிதான் வேண்டும், அதை நிறுத்தி உள்ளே வேறொன்றை வைப்பதற்கு. பிழைப்புக்குக் கொஞ்சம் பருத்திக்காடு, மெயின் ரோட்டில் இரண்டு கடை வாடகை, மற்றபடி எஞ்சின்தான். இந்த ரகம் எல்லா ஊரிலும் உண்டு. கோயம்புத்தூரில் பிறந்தால் வீட்டுப் பின்கட்டில் சொந்த லேத்தே வைத்திருப்பார். சென்னையில் பிறந்தால் ஞாயிற்றுக்கிழமைகளைப் புதுப்பேட்டையில் கழிப்பார். இடுக்கியில் பிறந்தால் ஜீப்பு. அண்ணன் கல்லுப்பட்டியில் பிறந்துவிட்டார், ஆகவே அம்பாசிடர்.

அந்த அம்பாசிடர் 1972ஆம் வருடத்து மார்க் 2. கை கியர், 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின். ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார் வீட்டில் துணி போர்த்தி நின்றதை அண்ணன் வாங்கி வந்தார். வாத்தியார் கையில் அது நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. அது ஒன்றுதான் அந்த வண்டி செய்த குற்றம்.

“பெட்ரோல் குடிக்குதுய்யா” என்று காரணம் சொன்னார். குடித்தது உண்மைதான். ஆனால் மாதத்துக்கு ஒருமுறை திருமங்கலம் போய்வருகிற மனிதர் எத்தனை லிட்டரை மிச்சம் பிடித்துவிடப் போகிறார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் காதில் விழுந்திருக்காது. உடைப்புக்கு வந்த ஒரு டெம்போ டிராக்ஸின் டீசல் எஞ்சின் அதற்குள் வீட்டு வாசலில் வந்து இறங்கிவிட்டது.

“என்ன எஞ்சின் தெரியுமா? பென்ஸு!”

பொய்யில்லை. ஓ.எம். 616 என்ற அந்த 2.4 லிட்டர் எஞ்சின் மெர்சிடிஸ் பென்ஸின் வார்ப்பு. ஜெர்மனியில் 240டி காருக்குள் இருந்தது, இங்கே பஜாஜ் டெம்போ உரிமம் வாங்கிச் செய்து டிராக்ஸிலும் டிராவலரிலும் வைத்தது. இருபது பேரை ஏற்றிக்கொண்டு பேரையூர் ரோட்டில் போனதெல்லாம் பென்ஸ்தான் என்று அன்றுதான் ஊருக்குத் தெரிந்தது.

அண்ணனிடம் முன்னுதாரணங்களுக்குப் பஞ்சமே கிடையாது. யாராவது சந்தேகப்பட்டால் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எடுத்து விடுவார். “மகிந்திராக்காரனே ஜீப்புல டிராக்டர் எஞ்சின வச்சான். அவென் வச்சா கம்பெனி, நா வச்சா கிறுக்கா?” ஹரிக்கேன் பெட்ரோல் எஞ்சின் இருந்த இடத்தில் இண்டர்நேஷனல் டிராக்டரின் டீசல் எஞ்சின் ஏறியது நிஜம். சென்னை சிம்சன் கம்பெனியின் பெர்க்கின்ஸ் எஞ்சின் எத்தனையோ பெட்ரோல் லாரிகளுக்குள் போய் உட்கார்ந்ததும் நிஜம். இந்துஸ்தான் மோட்டார்ஸே 1990களில் தன் அம்பாசிடருக்குள் ஜப்பான் இசுசுவின் 1817 சி.சி. எஞ்சினைக் கொண்டுவந்து வைத்தது. யாழ்ப்பாணத்துக்காரர்கள் 1990களில் பெட்ரோல் வராமல் தடைபட்டிருந்த காலத்தில் ஆஸ்டின் ஏ40யையும் மோரிஸ் மைனரையும் மண்ணெண்ணெயில் ஓட்டியதையும் சேர்த்துக்கொள்வார். அவர்கள் வேறு வழியில்லாமல் செய்தார்கள் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுவார்.

அண்ணனுக்குத் தெரியாத ஒன்றை நான் சொன்னேன். அமெரிக்காவில் பியூக் கைவிட்ட ஒரு அலுமினிய வி8 எஞ்சினை 1965ல் இங்கிலாந்தின் ரோவர் கம்பெனி விலைக்கு வாங்கியது. அதை 1973ல் எம்.ஜி.பி. என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் காருக்குள் இறக்கியபோது பேனட் மூடுவதற்கு வழியில்லை. கார்புரேட்டர்களை எஞ்சினின் பின்பக்கம் தள்ளி மூடினார்கள். அதே எம்.ஜி.யின் முந்தைய மாடலான எம்.ஜி.ஏ.யில் இருந்ததும் அம்பாசிடரில் இருந்ததும் ஒரே பி-சீரிஸ் குடும்பத்து 1489 சி.சி. எஞ்சின்தான். இதைச் சொன்னது வாத்தியார் கார் மேல் அவருக்கு ஒரு மரியாதை வரட்டும் என்பதற்காக. அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “கார்புரேட்டரப் பின்னாடியா தள்ளுனான்? அட, நமக்கு அந்தப் பிரச்சினையே இல்ல. டீசலுக்கு ஏதுய்யா கார்புரேட்டரு?”

வேலை தொடங்கிய அன்று வேப்பமரக் கிளையில் செயின் பிளாக் தொங்கியது. பெட்ரோல் எஞ்சின் மேலே வந்தது, மாட்டுக் கொட்டத்தில் வைக்கோல் பக்கம் போய் உட்கார்ந்தது. பென்ஸ் உள்ளே இறங்கியது. பாதியில் நின்றது.

எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்ப்பது சம்பந்தம் பேசுகிற காரியம். வெளியிலிருந்து பார்த்தால் ஜோடிப் பொருத்தம் பிரமாதமாக இருக்கும். ஜாதகத்தை விரித்தால்தான் ஒவ்வொன்றாகத் தட்டும். போல்ட் ஓட்டைகள் நேருக்கு நேர் வராது. கியர்பாக்ஸ் தண்டின் மூக்கு போய் உட்கார வேண்டிய கிராங்க் முனைப் புஷ்ஷின் அளவு வேறாக இருக்கும். கிளட்ச் பிளேட்டின் வட்டம் எஞ்சின் பக்கத்துக்குச் சேர்ந்தால் நடுப்பல் கியர்பாக்ஸ் பக்கத்துக்குச் சேராது. அண்ணன் இதில் ரஜ்ஜு தட்டினாலும் தாலி கட்ட வைக்கிற புரோக்கர். டிராக்ஸ் பிளேட்டின் வட்டத்தையும் அம்பாசிடர் பிளேட்டின் நடுப்பல்லையும் பிரித்தெடுத்து, ஒன்றோடொன்று ரிவிட் அடித்து, “பாரு, பத்துப் பொருத்தமும் இருக்கு” என்றார்.

மிஞ்சியது நடுவில் வைக்கிற தகடு. ஒரு பக்கம் பென்ஸ் ஓட்டை, மறுபக்கம் அம்பாசிடர் ஓட்டை என்று அரை அங்குல இரும்பில் வெட்டி வாங்கினால் இரண்டையும் முடுக்கிவிடலாம். அண்ணனின் வாழ்க்கைத் தத்துவமே இந்தத் தகடுதான். உலகத்தில் சேராத இரண்டு பொருள் என்று எதுவுமே அவருக்குக் கிடையாது, நடுவில் ஒன்று குறைகிறது, அவ்வளவுதான். பங்காளிச் சண்டையில் ஊரார் அவரைக் கூப்பிட்டு உட்கார வைப்பதும் இதனால்தான். அங்கே அவர் நிஜமாகவே கெட்டிக்காரர். இரண்டு வரப்புக்கு நடுவில் யாருக்கும் சொந்தமில்லாத ஒன்றரை அடி விட்டு எத்தனையோ வழக்கை முடித்திருக்கிறார். இரும்பு மட்டும் மனிதர்களைப் போல விட்டுக்கொடுப்பதில்லை.

தகட்டுக்கு அளவு எடுக்க வேண்டும். கெட்டி அட்டையை எஞ்சின் முகத்தில் வைத்து, சுத்தியலின் உருண்டைப் பக்கத்தால் விளிம்பிலும் ஓட்டையிலும் மெதுவாகத் தட்டினால் அச்சு அப்படியே பதியும். பழைய ஆட்கள் செய்கிற முறை, இன்றைக்கும் நன்றாகத்தான் வேலை செய்கிறது. கெட்டி அட்டைக்கு எங்கே போவது? சிவகாசி பக்கத்தில் இருக்கும்போது அட்டைக்கு என்ன குறை. உரக்கடையில் கொடுத்த தினசரிக் காலண்டர் நடுவீட்டுச் சுவரில் தொங்கியது. மீதி மாதங்களைக் கிழித்து ஓரமாக வைத்துவிட்டு, திருச்செந்தூர் முருகன் படத்தோடு அட்டையைக் கொண்டு போனார்.

“ஏங்க, சாமி படத்துலயா ஓட்ட போடுறீக?” என்று அண்ணி ஓடி வந்தார்.

“சாமி மேல படாமத்தான் போடுறேன். சுத்தி இருக்க மயில் மேலதான் வருது.”

அந்த அட்டை கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டைக்குப் போய்த் தகடாகி வந்தது. அங்கிருந்து திருமங்கலத்து லேத்துப் பட்டறைக்குப் போனது. லேத்துக்காரர் அட்டையைத் தகட்டின் மேல் வைத்து நெடுநேரம் பார்த்தார். “அண்ணே, சென்டர் எதை வச்சு எடுக்க?”

“வேல் நுனிதான் சென்டரு.”

லேத்துக்காரர் விவரமானவர். எஞ்சின் மையமும் கியர்பாக்ஸ் மையமும் மயிரிழை தள்ளினாலும் புஷ்ஷைத் தின்றுவிடும், கியர் துள்ளும், டயல் கேஜ் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று சொன்னார். அண்ணன் கட்டைவிரலை விளிம்பில் ஓட்டிப் பார்த்து, “சரியாத்தான இருக்கு” என்றார். அந்த வண்டியில் மூணாவது கியர் போட்டால் லிவரைக் கையால் பிடித்துக்கொண்டே ஓட்ட வேண்டியிருந்தது என்றால், அது அந்தக் கட்டைவிரலின் புண்ணியம்.

தகடு வந்ததும் ஒரு பிரச்சினை தீர்ந்து நாலு பிறந்தது. அரை அங்குலத் தகடு நடுவில் வந்ததால் கியர்பாக்ஸ் தண்டின் மூக்கு புஷ்ஷை எட்டவில்லை. ஆகவே கன்மெட்டலில் நீளமாக ஒரு புஷ் கடைந்தார்கள். கியர்பாக்ஸ் அரை அங்குலம் பின்னால் போனதால் அதைத் தாங்குகிற பிராக்கெட்டின் ஓட்டைகள் வரவில்லை. அவற்றை நீள ஓட்டையாக அரத்தால் ராவினார்கள். புரொப்பல்லர் ஷாப்ட் நீளமாகிவிட்டது. அதை வெட்டிச் சுருக்கி வெல்டு வைத்தார்கள். கை கியரின் கம்பிகள் எட்டவில்லை, நீட்டினார்கள். எஞ்சினுக்கு அடியில் ஆயில் சம்பு குறுக்குச் சட்டத்தில் இடித்தது. சம்பை வெட்டலாமா, சட்டத்தை வெட்டலாமா என்று டீக்கடையில் பெரிய விவாதம் நடந்தது. சம்பு பென்ஸு. ஆகவே சட்டத்தை வெட்டினார்கள். கூடவே பழைய எஞ்சின் மவுண்டுகளையும் கேஸ் கட்டரால் அறுத்து, பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டார்கள்.

இதற்கு நடுவில் ஸ்பேனர் கூத்து வேறு. அம்பாசிடர் அங்குலக் கணக்கு. அரை, பதினாறில் ஒன்பது, பதினாறில் ஏழு. பென்ஸ் மில்லிமீட்டர், பத்து, பதிமூணு, பதினேழு, பத்தொன்பது. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். ஆகவே பதிமூணு ஸ்பேனர் அரை அங்குல நட்டில் தாராளமாக நுழையும், ஒரு இழுப்பு இழுத்தால் முனைகளை மழுக்கிவிட்டு வெளியே வரும். மழுங்கிய நட்டை உளியால் வெட்டி எடுத்து, கையில் கிடைத்த போல்ட்டைப் போட்டு, மரை சேராவிட்டால் இன்னும் கொஞ்சம் பலமாக முடுக்கினால் சேர்ந்துகொள்ளும் என்பது அண்ணனின் அனுபவ அறிவு. கடைசியில் அந்த வண்டியை எந்த நாட்டுக்காரன் வந்தாலும் ஒரே செட் ஸ்பேனரால் கழற்ற முடியாதபடி ஆகிவிட்டது.

ஊரார் கிண்டல் செய்தால் அண்ணன் காந்தி நிகேதனைக் காட்டுவார். 1940ல் தொடங்கிய ஆசிரமம்; காந்தியப் பொருளாதாரம் பேசிய ஜே.சி. குமரப்பா தன் கடைசிக் காலத்தைக் கழித்த இடம். “உள்ளூர்ல கெடைக்கிறத வச்சு உள்ளூர்க்காரன் கையால செய்யணும்னு ஐயா சொன்னாரு. ஊர்ல எவென் கேட்டான்? நாந்தான் கேட்டேன்.” மாட்டின் இடத்துக்கு டிராக்டர் வந்தால் கிராமம் என்னாகும் என்று கவலைப்பட்ட குமரப்பா, மாட்டுக் கொட்டத்தில் மாட்டை வெளியே கட்டிவிட்டு எஞ்சினை உள்ளே வைத்திருப்பதைப் பார்த்தால் என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது. ஆனால் அவர் லண்டனில் கணக்குத் தணிக்கை படித்தவர். அண்ணனின் வரவு செலவு நோட்டு அவர் கண்ணில் படாமல் போனது நல்லதுதான்.

ஒருவழியாக வண்டி கிளம்பியது. வெள்ளோட்டத்துக்குக் குன்னத்தூர் வரை நானும் போனேன். எஞ்சின் பிடித்ததும் கதவு, கண்ணாடி, சீட்டு, என் தாடை எல்லாம் ஒரே தாளத்தில் ஆடின. கண்ணாடியில் பின்னால் வந்த ஒரு லாரி மூன்றாகத் தெரிந்தது. எக்ஸாஸ்ட் குழாய் ஸ்டியரிங் பக்கமாக இறங்கியதால் அண்ணன் வலது காலை அடிக்கடி தூக்கித் தூக்கி வைத்தார். ஒவ்வொரு முறையும் வண்டி வேகம் குறைந்து, மறுபடி பாய்ந்தது. கனமான எஞ்சினால் மூக்கு தாழ்ந்துவிட்டது என்று முன்பக்க டார்ஷன் பாரை முறுக்கி உயர்த்தியிருந்தார். அளவுக்கு மேல் உயர்ந்து, இருட்டியபின் விளக்கைப் போட்டால் ரோடு தெரியவில்லை, பனைமரத்து உச்சியில் நுங்குக்குலை தெரிந்தது.

“இழுவையப் பாத்தியா?” என்றார். இழுவை இருந்தது, அதை மறுக்க முடியாது. மேட்டில் நாலாவது கியரிலேயே ஏறியது. மூணாவதைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதால் அப்படி ஏறித்தான் ஆக வேண்டும்.

கல்லுப்பட்டி பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்குத் திரும்பி வந்து நிறுத்தியபோது வண்டி நின்றது, எஞ்சின் நிற்கவில்லை. அந்தக் காலத்து டீசல் எஞ்சின்கள் பலவற்றைச் சாவியால் அணைக்க முடியாது. டீசல் வரத்தை அடைக்க வேண்டும். அதற்கென்று அண்ணன் கட்டியிருந்த சைக்கிள் பிரேக் கேபிள் கையோடு வந்துவிட்டது. சாவியை உருவி மேஜையில் வைத்துவிட்டு நாங்கள் டீ சொன்னோம். ஆளில்லாத வண்டி புகை விட்டுக்கொண்டு ஆடியது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் ஒவ்வொருவராக வந்து கூடினார்கள். அண்ணன் டீயை நிதானமாகக் குடித்து முடித்து, ஏறி உட்கார்ந்து, நாலாவது கியரைப் போட்டு, பிரேக்கை அழுத்தி மிதித்துக் கிளட்சை விட்டார். வண்டி ஒரு உலுக்கு உலுக்கி அடங்கியது. இரண்டு பேர் கை தட்டினார்கள். அண்ணன் கும்பிட்டார்.

சட்டம் தெரிந்தவர்கள் யாரும் அவரிடம் வாய் திறக்கவில்லை. 1988ஆம் வருடத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, வண்டி தயாரித்தவர் கொடுத்த விவரத்துக்கு மாறாக எதையும் மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொல்லிவிட்டது. ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிற எஞ்சின் நம்பர் மாட்டுக் கொட்டத்தில் இருந்தது. வண்டியில் இருந்த நம்பர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அண்ணன் பிரேக் இன்ஸ்பெக்டர் நிற்கிற நாள், கிழமை, ரோடு எல்லாம் பஞ்சாங்கம் மாதிரி ஒப்பிப்பார். மாதத்துக்கு ஒருமுறை போய்வந்த திருமங்கலத்துக்கு இப்போது பஸ்ஸில் போனார்.

மைத்துனர் மதுரையிலிருந்து வந்தபோதுதான் குட்டை குழம்பியது. மத்திய அரசு 2021 ஜூலையில் பழமை வாகனங்களுக்கென்று தனி விதி போட்டிருப்பதை அவர் செல்போனில் காட்டினார். ஐம்பது வருடம் தாண்டிய வண்டி, முறையாகப் பதிந்துகொள்ளலாம், பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். 1972ல் ஐம்பதைக் கூட்டி அண்ணன் விரல் விட்டுப் பார்த்தார். முகம் மலர்ந்தது. மைத்துனர் மேலே படித்தார்: வண்டி அசல் வடிவத்தில் இருக்க வேண்டும், சேசிஸிலோ பாடியிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

“இன்னொண்ணும் போட்டுருக்கு மாமா. தெனமும் ரோட்ல ஓட்டக் கூடாதாம்.”

“அது ஒண்ணுதான் நம்ம வண்டி சுத்தமாச் செய்யிது” என்றார் அண்ணி.

மறுவாரம் வேப்பமரத்தில் மறுபடி செயின் பிளாக் தொங்கியது. “அசலையே வச்சிருவோம். ஒரு நாள் வேல. அவென் வண்டி, அவென் எஞ்சின். பொறந்த வீட்டுக்குப் போறதுக்குப் பொருத்தம் பாக்கணுமா?” வெட்டிய சட்டத்துக்கு ஒட்டுப் போட்டு வெல்டு வைத்து, மேலே பெயிண்ட் அடித்துவிட்டால் எவன் கண்டுபிடிக்கப் போகிறான் என்றார். பழைய எஞ்சின் மேலிருந்த வைக்கோலை ஒதுக்கினார்கள். ஏர் கிளீனர் இருந்த இடத்தில் கோழி அடை காத்துக்கொண்டிருந்ததால் நாள் தள்ளிப்போனது. குஞ்சு பொரித்ததும் பிளக் ஓட்டைகளில் டீசலை ஊற்றி ஊறவிட்டு, இறுகிப்போன பிஸ்டன்களை அசைத்து, கழுவித் துடைத்துத் தூக்கினார்கள்.

உட்காரவில்லை.

மவுண்டுகள் பழைய இரும்புக்காரரோடு போயாயிற்று. அளவு பார்த்துப் புதிதாக அடித்து எஞ்சினைப் பழைய இடத்திலேயே நிறுத்தினால், கியர்பாக்ஸ் அங்கே இல்லை. அது அரை அங்குலம் பின்னால் தள்ளிக் குடியேறி, அதற்கேற்ப ஷாப்ட் சுருங்கி, கம்பிகள் நீண்டு பழகியிருந்தன. இருந்த தகட்டை நடுவில் போடலாமென்றால் அதன் முன்பக்க ஓட்டைகள் பென்ஸுக்குப் போட்டவை. ஐம்பது வருடத்துக்கு முன் ஒரே தொழிற்சாலையில் ஒன்றாக வெளிவந்த எஞ்சினும் கியர்பாக்ஸும் அரை அங்குல இடைவெளியில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன.

கூட இருந்தவர்களுக்குப் பேச்சு வரவில்லை. லேத்துக்காரர் மெதுவாகக் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தார். அண்ணன் குனிந்து அந்த இடைவெளியில் விரலை விட்டு அளந்தார். நிமிர்ந்தபோது முகத்தில் பழைய களை வந்திருந்தது.

“நடுவுல ஒரு பிளேட்டுதான்யா கொறையிது. அளவு எடுத்தா உக்காந்துரும். ஏ, இந்தா, ஒரு கெட்டி அட்ட இருந்தா எடுத்தா!”

அண்ணி உள்ளே போனார். சுவரில் இருந்த புது வருடக் காலண்டரைக் கழற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார்.